குருவிப் பெட்டிக்கு ஒரு படி

பெட்டிக்குப் படம் வரைந்து கொடுத்தது நான். துளை மூன்று சென்டிமீட்டர். பட்டாணிக்குருவி நுழையும், மைனா நுழையாது. பூனை ஏறாதபடி கம்பத்தில் தகரமும் சுற்றினேன்.

செய்தது அப்பா. தச்சர். எதையும் மொட்டையாக விடமாட்டார். படத்தில் இல்லாத குச்சி ஒன்றைத் துளைக்குக் கீழே நீட்டிவிட்டார்.

"படி இல்லாம ஒரு வீடாம்மா? வந்தா உக்கார வேணாமா?"

விரல் நீளக் குச்சிக்கு வார்னிஷ் வேறு அடித்திருந்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குருவிகள் குடிவந்தன. குஞ்சும் பொரித்தன. இன்று காலை பின்பக்கம் ஒரே கூச்சல். மைனா அந்தக் குச்சியில் சவுகரியமாக உட்கார்ந்து, துளைக்குள் தலையை விட்டுக் கொத்திக்கொண்டிருந்தது. தாய்க்குருவி மதிலில் துடித்தது.

துணியை வீசி விரட்டினேன். மைனா பக்கத்துக் கூரையில் போய்க் காத்திருந்தது.

"அப்பா," என்றேன். பட்டறையில் இழைப்புளிச் சத்தம். "அப்பா! அந்தக் குச்சிய வெட்டணும்!"

சத்தம் நின்றது. அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "யாரு கத்துறது, நம்ம ஊமைக்கோட்டானா?"

"என் குச்சி என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் அப்பா.

"குருவி துளை விளிம்பையே பிடிச்சுக்கும்ப்பா. குச்சி மைனாவுக்குத்தான் உதவுது."

அப்பா கூரையைப் பார்த்தார். "திருடனுக்கு நானே ஏணி வெச்சிருக்கேன்."

சின்ன ரம்பத்தால் குச்சியை அறுத்துத் தள்ளினார். உடனே உப்புத்தாளை எடுத்தார்.

"வேணாம்ப்பா, வாங்க."

"சொரசொரன்னு நிக்குதேம்மா..."

"நிக்கட்டும்."

ஜன்னலுக்குப் பின்னால் நின்றோம். மைனா வந்தது. கால் வைக்க இடமில்லாமல் படபடத்துச் சறுக்கியது. இன்னொரு முறையும் பார்த்துவிட்டு, திட்டிக்கொண்டே பறந்துபோனது.

தாய்க்குருவி வரவில்லை. பெட்டிக்குள் சத்தமே இல்லை. பெட்டியின் ஆழத்தை மனதுக்குள் அளந்தேன். மைனாவின் கழுத்தையும் அளந்தேன். ரம்பம் போட்ட அதிர்ச்சியில் தாய் கூட்டையே விட்டுப் போயிருந்தால்?

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

பிறகு அது வந்தது. அலகில் ஒரு பச்சைப் புழு. விளிம்பில் தொற்றி உள்ளே நுழைந்தது. அடுத்த நொடி குஞ்சுகள் எல்லாம் சேர்ந்து கத்தின.

"அப்பாடா," என்று அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

அப்பா உப்புத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"குஞ்சு பறந்ததும் அதத் தேச்சுருவேன். இப்பவே சொல்லிட்டேன். நீயும் இனிமே வேணாம்னா அப்பவே சொல்லு."