பிளாஸ்டிக் பிரிக்காத வீடு

செவ்வாய்க்கிழமை காலை குப்பை வண்டி வந்து போன பிறகு, ஞானப்பூவின் ஊர் வீடு அவள் குடியிருந்த தெருவுக்கு வந்து நின்றது.

ஞானப்பூ அப்போது மூன்றாம் மாடியில், ஓவனைத் திறந்து இட்லி மாவு பொங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குளிர் நாட்டில் மாவு தானாகப் புளிக்காது. ஓவனுக்குள் விளக்கைப் போட்டு, பாத்திரத்துக்குத் துண்டு சுற்றி, கைப்பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்க்க வேண்டும். மாவு பொங்கவில்லை. சலித்துப்போய் நிமிர்ந்தபோது ஜன்னல் வழியே வீடு தெரிந்தது. சைக்கிள் நிறுத்துமிடத்துக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவில், இளம்பச்சை வண்ணத்தில், மேலே தண்ணீர்த் தொட்டியோடு நின்றது. அஸ்திவாரத்தைச் சுற்றி சாத்தான்குளத்துச் செம்மண் ஒட்டியிருந்தது. போர்டிகோவில் போன கிறிஸ்துமஸுக்குக் கட்டிய நட்சத்திரம் இன்னும் தொங்கியது. கம்பிக் கேட்டில் ஒரு கொடிக்கயிறு, அதில் நாலைந்து சேலை.

பஸ் வந்தது. வீடு கொஞ்சம் பின்னால் ஒதுங்கி வழிவிட்டது.

“பெனி அப்பா, நம்ம வீடு வந்திருக்கு,” என்றாள் ஞானப்பூ.

அவள் கணவர் அருள்தாஸ் பஸ் பணிமனையில் மெக்கானிக். காலுறையை மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தார். “சரியான இடத்துலயா நிக்கி? அது ஊனமுற்றவங்க வண்டி விடுற இடமாச்சே,” என்றார். வீடு அதைக் கேட்டதுபோல இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றது.

ஞானப்பூ கண்ணை மூடி ஒரு நிமிஷம் ஜெபித்தாள். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து, காலையில் எழுந்ததும் அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: ஆண்டவரே, எங்களையும் எங்கள் வீட்டையும் ஒன்றாகச் சேர்த்துவையும். எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் என்று அவள் சொன்னதில்லை. ஆண்டவருக்கு எது சௌகரியமோ அது.

அதற்குள் ஊரிலிருந்து போன் வந்தது. அருள்தாஸின் தம்பி மனைவி லில்லி. வீட்டை இத்தனை வருஷமும் பார்த்துக்கொண்டவள் அவள்தான்.

“அக்கா, வீடு அங்க வந்துட்டா?”

“வந்துட்டுளா. இப்பதான்.”

“அது சரி. நாங்க முந்தாநாள்லருந்து தேடுதோம். வேற எங்க போகும், அவிய கிட்டதான் போயிருக்கும்னு உங்க கொழுந்தன் சொன்னாவ. அக்கா, கொடியில என் சேலை கிடக்கும் பாருங்க. அந்த அரக்குக் கலர் கல்யாணத்துக்குக் கட்ட வேண்டியது. யாராவது வந்தா கொடுத்தனுப்புங்க.”

“அனுப்புதேன். மனை சும்மாவா கிடக்கு?”

“மிளகா வத்தல் காயப் போட்டிருக்கேன். நல்ல வெயில்.”

கீழ்வீட்டு இங்கெர் அம்மாள் நாயோடு வந்து வீட்டை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். தனியாக வாழ்கிறவள். ஞாயிற்றுக்கிழமை மிக்ஸி போட்டால் துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பாள். மீன் பொரித்தால் படிக்கட்டு ஜன்னலையெல்லாம் திறந்துவைப்பாள். மற்றபடி நல்லவள். ஞானப்பூ கீழே இறங்கி வந்தாள்.

“ஞானா, இது உன்னுடையதா?”

“எங்களுடையதுதான்.”

“இவ்வளவு பெரிய வீட்டை வைத்துக்கொண்டா என் தலைக்கு மேலே இரண்டு அறையில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாய்?”

அந்த நாட்டு மொழி ஞானப்பூவுக்கு வரும். ஆனால் இந்த விஷயம் எந்த மொழியிலும் சொல்ல வராது. இங்கே எல்லாரும் பார்த்ததும், ‘எப்போது உங்கள் ஊருக்கு?’ என்பார்கள். லீவில் ஊருக்குப் போனால், வாசலில் பெட்டியை இறக்குமுன்னே, ‘எப்ப போறீய?’ என்பார்கள். இரண்டு கேள்விக்கும் நடுவில் கட்டிய வீடு அது.

மத்தியானம் நகராட்சியிலிருந்து ஒருவர் வந்தார். மஞ்சள் மேலங்கி, உயரமான மனுஷன், பெயர் ஓலெ. மரியாதையாகப் பேசினார்.

“அம்மா, சனிக்கிழமையிலிருந்து பனி அள்ளும் வண்டி இந்தத் தெருவில் ஓடும். அதற்குள் இது வீடா, நிறுத்திவைத்த வண்டியா என்று எங்களுக்குத் தெரிய வேண்டும்.”

“வீடுதானே, ஐயா. கதவு ஜன்னல் எல்லாம் இருக்கே.”

“வண்டிக்கும் கதவு ஜன்னல் உண்டு. உள்ளே ஆள் வாழ்ந்தால் வீடு. அதை யாரும் தொட முடியாது. ஆள் வாழாவிட்டால் வண்டி. இழுத்துக்கொண்டுபோய் ஊருக்கு வெளியே பழைய வண்டிகளோடு நிறுத்துவோம். வசந்தத்தில் நசுக்கிவிடுவார்கள். சனிக்கிழமை வந்து பார்க்கிறேன்.”

ஞானப்பூ சிரித்த முகமாக, “வாங்க, காப்பி தாரேன்,” என்று அவருக்கு விடைகொடுத்தாள். வாழ்ந்துவிட்டால் போச்சு. அதில் என்ன கஷ்டம்?

கஷ்டம் இருந்தது. அந்த வீட்டில் அவர்கள் ஒரு பொழுதும் வாழ்ந்ததில்லை. சபை ஐயர் வந்து ஜெபித்து, ரிப்பன் வெட்டி, ஊரைக் கூட்டி பிரியாணி போட்டார்கள். மறுநாள் பூட்டிவிட்டு விமானம் ஏறினார்கள். அதற்குப் பிறகு வந்த லீவெல்லாம் சொந்தக்காரர் வீடுகளிலேயே போனது. மைனி வீட்டில் ஒரு நாள் படுக்காவிட்டால் மைனிக்குக் கோபம், சித்தி வீட்டில் சாப்பிடாவிட்டால் சித்திக்குக் கோபம். தங்கள் வீட்டுக்குக் காலையில் போய், ஒட்டடை அடித்து, மோட்டார் ஓடுகிறதா என்று பார்த்து, பூட்டிவிட்டு வருவார்கள். கட்டில் மெத்தையைக் கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையோடு போட்டிருந்தார்கள். சோபாவுக்கும் அப்படியே. பிரிட்ஜ் கதவில் நீல நிறத் தாள்கூட உரிக்கப்படவில்லை. ‘ஊர்ல வந்து செட்டில் ஆகும்போது பிரிப்போம்’ என்பது அருள்தாஸின் கொள்கை. சுவிட்ச் பலகைக்கு மேல்கூட மெல்லிய உறை. அதன் மேலேயே அழுத்த வேண்டும்.

புதன்கிழமை சாவியைப் போட்டுத் திறந்து உள்ளே போனார்கள். சிமெண்டு வாசமும் நாப்தலின் வாசமும் வந்தது. உள்ளே வெயில் காய்ந்தது. ஊரிலிருந்து வந்த வெயில், ஜன்னலை மூடியே வைத்திருந்ததால் ஆறாமல் இருந்தது. சமையலறை மூலையில் லில்லியின் கோழி ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. ஞானப்பூ அடுப்பு மேடையில் மாவுப் பாத்திரத்தை வைத்தாள். அரை மணி நேரத்தில் பொங்கி வழிந்தது.

இட்லி அவித்தாள். அருள்தாஸ் தரையில் செய்தித்தாளை விரித்தார்.

“மேஜை இருக்குல்லா, பெனி அப்பா?”

“மேஜையில எண்ணெய் பட்டா போகுமா? கீழ உக்காரு.”

“சோபாவுல உக்காரட்டா?”

“உக்காரு. ஓரமா உக்காரு. சரசரங்காம உக்காரு.”

படுப்பதற்கு மட்டும் மூன்றாம் மாடிக்கே போனார்கள். கட்டில் அழுக்காகிவிடுமாம்.

வெள்ளிக்கிழமை மகள் பெனிட்டா வந்தாள். பக்கத்து நகரத்தில் பல் மருத்துவராக இருக்கிறாள். வீடு முழுக்க நடந்து பார்த்தாள். தொட்ட இடமெல்லாம் பிளாஸ்டிக் சத்தம்.

“அப்பா, இது வீடு மாதிரி இல்ல. கடைல வாங்கிட்டு வந்த வீடு மாதிரி இருக்கு.”

“நீ சும்மா இருட்டி. ரிட்டையர் ஆகட்டும். ஒரே நாள்ல எல்லாத்தையும் பிரிச்சு, ஜம்முனு இருக்கலாம்.”

“எங்கப்பா இருப்பீங்க? வீடே இங்க வந்துட்டே!”

அருள்தாஸ் அதை யோசித்தார். “அதான் இன்னும் முடிவாகல,” என்றார்.

சனிக்கிழமை பனி விழ ஆரம்பித்தது. ஓலெ வந்தார். பின்னாலேயே கொக்கியும் சங்கிலியுமாக இழுவை வண்டி. ஓலெ போர்டிகோவில் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சோபாவைத் தொட்டுப் பார்த்தார். மேஜையைத் தொட்டுப் பார்த்தார். மெத்தையைத் தட்டினார். எல்லாம் சரசரத்தது. மேலங்கிப் பையில் கையை விட்டுக்கொண்டு வருத்தத்தோடு நின்றார்.

“இங்கே யாரும் வாழவில்லை, அம்மா. இங்கே சாமான்கள் காத்திருக்கின்றன.”

வெளியே சங்கிலியை மாட்டும் சத்தம் கேட்டது. வீடு லேசாக நடுங்கியது. கோழி எழுந்து நின்றது.

ஞானப்பூ சமையலறைக்குப் போனாள். காய் வெட்டும் கத்தியை எடுத்தாள். ‘ஆண்டவரே, கூட இரும்’ என்று சொல்லிக்கொண்டு, சோபாவின் கைப்பிடியிலிருந்து மறு கைப்பிடி வரை ஒரே கிழி.

“ஏட்டி, ஏட்டி! ஞானம்! என்ன செய்யுத?” அருள்தாஸ் பதறிப்போய் ஓடி வந்தார். “ரிட்டையர்மென்ட்டுக்குன்னு வச்சிருக்கேன்!”

“வயசு என்ன ஆகுது உங்களுக்கு?”

“அதுக்கு?”

“முட்டி வலிக்குன்னு படி ஏற முடியல. பாதி இட்லிக்கு மேல இறங்கல. இன்னும் எந்த வயித்துக்கு எடுத்து வைக்கீய?” சொல்லிக்கொண்டே நாற்காலிகளை உரித்தாள். “இந்தப் பக்கம் பிடிங்க.”

அவர் பிடித்தார். வேறு என்ன செய்ய? மனைவி அந்தக் குரலில் பேசி அவர் கேட்டது அபூர்வம். பிரிட்ஜின் நீலத் தாள் ஒரே இழுப்பில் வந்தது. பெனிட்டா சுவிட்ச் பலகைகளை நகத்தால் உரித்தாள். கடைசியாக மெத்தை. உறையைக் கிழித்ததும் உள்ளே அடைபட்டிருந்த காற்று நீண்ட பெருமூச்சாக வெளியே வந்தது. வீடு முழுக்க அது கேட்டது.

ஞானப்பூ கத்தியைக் கீழே வைத்தாள். கட்டிலில் ஏறினாள். சிலுவை அடையாளம் போடும் வழக்கம் அவர்கள் சபையில் இல்லை. கையைக் கட்டி, கண்ணை மூடி, “உம்முடைய கையில்,” என்று மட்டும் சொன்னாள். பிறகு ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிப்போனாள். பட்டப்பகல். இத்தனை வருஷமாக அவளுக்கு வராமல் போன மத்தியானத் தூக்கம் அந்த மெத்தையில்தான் இருந்தது போலும்.

ஓலெ காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது. முதலில் சின்னதாக, பிறகு தாராளமாக.

ஓலெ காலடி ஓசையில்லாமல் வாசலுக்குப் போய், இழுவை வண்டிக்காரருக்கு விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். “கழற்று. மெதுவாகக் கழற்று. உள்ளே ஆள் தூங்குகிறார்.”

சங்கிலியைக் கழற்றினார்கள். அன்றிலிருந்து பனி அள்ளும் வண்டி வீட்டைச் சுற்றிக்கொண்டு போகிறது.

ஞானப்பூ எழுந்தபோது கன்னத்தில் மெத்தையின் பூ வேலைப்பாடு பதிந்திருந்தது. அருள்தாஸ் மேஜையில் அமர்ந்து, தட்டுக்குக் கீழே ஒன்றும் விரிக்காமல், சாம்பார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு சிந்தியது. அதைப் பார்த்தார். பிறகு இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றார்.

ஆனால் ஆண்பிள்ளை மனசு லேசில் ஆறாது. கிழிந்த பிளாஸ்டிக்கையெல்லாம் மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனார். அங்கேயிருந்த பழைய சோபாவுக்கும் கட்டிலுக்கும் அதைச் சுற்றி, டேப் ஒட்டினார். ஜன்னலை மூடினார். கதவைப் பூட்டினார்.

“அதை எதுக்குப் பூட்டி வைக்கீய? காலி பண்ணிக் கொடுத்திரலாமே?” என்றாள் ஞானப்பூ.

“இருக்கட்டும். எங்கயாவது ஒரு வீடு பூட்டி இருந்தாத்தான் எனக்கு நிம்மதி.”

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. மாடி ஜன்னலோரக் கற்றாழைக்குத் தண்ணீர் ஊற்ற, ஒரு சாவியை இங்கெர் அம்மாளிடம் கொடுத்துவைத்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போய் வந்து, தங்கள் வீட்டுச் சமையலறையில் மிக்ஸியைப் போட்டாள். துடைப்பக் கட்டை இடிக்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை எதிரே அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் மூன்றாம் மாடி இல்லை. நாலாம் மாடி கொஞ்சம் கீழே இறங்கி, இரண்டாம் மாடிமேல் உட்கார்ந்திருந்தது. இங்கெர் அம்மாளின் நாய் வாசலில் தனியாக நின்றது. ஞானப்பூ அதைக் கூட்டிவந்து பால் ஊற்றினாள். போன் அடித்தது.

“அக்கா, ஒரு வீடு வந்து நம்ம மனையில நிக்கி,” என்றாள் லில்லி. “வத்தல அள்ளுறதுக்குள்ள வந்துட்டு. கொஞ்சம் மிதிபட்டுட்டு.”

“சின்னதா? வெள்ளைச் சுவரா?”

“ஆமா. உள்ள ஒரு வெள்ளைக்காரம்மா, கையில பூவாளியோட. வந்ததும் சோபாவுல இருந்த பிளாஸ்டிக்க எல்லாம் சர்சர்னு கிழிச்சுப் போட்டுட்டு, கால நீட்டி உக்காந்துட்டா. ஜன்னலெல்லாம் தொறந்து வச்சிருக்கா. நான் மீன் பொரிச்சேன், அதுக்காவ இருக்குமோ? இப்ப வாசல்ல நிக்கா, ஏதோ சொல்லுதா, ஒண்ணும் விளங்கல. உங்ககிட்ட கொடுக்கட்டா?”

“கொடு.”

இங்கெர் அம்மாளின் குரல் வந்தது. நிதானமாக இருந்தது. “ஞானா, இன்று செவ்வாய்க்கிழமை. என் குப்பைத் தொட்டியை உள்ளே எடுத்து வைத்துவிடு.”

“வைக்கிறேன். நாய் என்கிட்டதான் இருக்கு.”

“நல்லது. இங்கே ஒரு பெண் எனக்கு எதையோ தட்டில் போட்டு நீட்டுகிறாள். சாப்பிடலாமா?”

“சாப்பிடுங்க. நல்ல மீன்தான். போனை அவகிட்ட கொடுங்க.”

லில்லி வந்தாள்.

“லில்லி, அவங்களுக்கு எரிப்பு ஆகாது. குழம்புல வத்தலக் குறைச்சுப் போடு. ஞாயிற்றுக்கிழமை மிக்ஸி போடாத, துடைப்பக் கட்டையால இடிப்பாங்க. மத்தபடி நல்லவங்க.”

“சரிக்கா. எப்ப போறாவன்னு கேக்கட்டா?”

“அத மட்டும் கேக்காத,” என்றாள் ஞானப்பூ.

போனை வைத்துவிட்டு, ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, இங்கெர் அம்மாளின் குப்பைத் தொட்டியை எடுத்து வைக்கப் போனாள்.