சுவிட்ச் போடும் முன்

நான்காவது தடவையாக லிஸ்டை அடித்துவிட்டு எழுதினேன். லாஜிக் புரோபை மேலே கொண்டுவந்தேன். ஆசிலாஸ்கோப்பைக் கீழே தள்ளினேன். எழுந்து ஆரியசாலை முக்குவரை நடந்துவிட்டு வந்து அதையும் மாற்றினேன்.

கல்லாவில் இருந்த பகவதிப்பெருமாள் அண்ணாச்சி பார்த்துக்கொண்டே இருந்தார். எலக்ட்ரிக் கடை அவருடையது. பின்பக்க மேசையில் மிக்ஸியும் யூபிஎஸ்ஸும் ரிப்பேர் பார்ப்பது என் வேலை. ஆறு வருஷமாகிறது.

“என்னடே இசக்கி, ஊர்ல பொண்ணு பாத்திருக்காவளா? இருக்கவும் மாட்டேங்க, நிக்கவும் மாட்டேங்க.”

“டெஸ்ட் பண்ணுக சாமான் லிஸ்ட் அண்ணாச்சி. நாளைக்குள்ள அனுப்பணும்.”

“அதுக்கு என்னடே லிஸ்டு? பிளக்கைச் சொருவு. ஓடிச்சுன்னா ஓடுகு. இல்லன்னா இல்ல.”

“இது மிக்ஸி இல்ல.”

“கரண்டுல ஓடுகது எல்லாம் மிக்ஸிதாண்டே.”

லிஸ்ட் வினய்க்காக. கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிற பையன், முப்பது வயது இருக்கும். வீட்டில் தமிழ், மற்ற இடமெல்லாம் மலையாளம். எண்பதுகளில் வீட்டு டிவியில் மாட்டி ஓட்டிய கம்ப்யூட்டர்களைத் தேடித்தேடி வாங்கி வைத்திருக்கிறான். பார்த்தால் வெறும் கீபோர்டு மாதிரி இருக்கும், உள்ளேதான் எல்லாம். மொத்தம் பதினொன்று. ஒருநாள் எங்கள் கடைக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்க வந்தவன், நான் யூபிஎஸ் போர்டைக் கழற்றிப் போட்டு வேலை பார்ப்பதை அரைமணி நேரம் நின்று பார்த்தான். அடுத்த வாரம் ஒரு மெஷினைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தான். ஸ்பெக்ட்ரம் என்று பெயர்.

“எது ஓடும் எது ஓடாதுன்னு எனக்கே அறியில்ல சேட்டா. பேடிச்சு ஒண்ணும் ஆன் பண்ணல. என்னென்ன டூல்ஸ் வேணும்னு நீங்க சொல்லுங்க, நான் வாங்கித் தரேன். முதல்ல இத நோக்குங்க. செரியாச்சுன்னா பாக்கி பத்தோட வேலையும் உங்களுக்குத்தான். வீட்டுல மேல ஒரு ரூம் இருக்கு, அங்கயே இருக்கலாம். மாசச் சம்பளம்.”

அன்றிலிருந்து எனக்கு உட்கார முடியவில்லை. மணக்காட்டில் நான் தங்கியிருக்கிற லாட்ஜில் யாரோடும் பேச்சு கிடையாது. பக்கத்து அறைக்காரன் ‘வராந்தா லைட்டை அணைக்கட்டா’ என்று கேட்டால் அது ஒரு பேச்சு. மிக்ஸி ஜாரின் நாற்றம் இல்லாத ஒரு மேசை, நான் பேசுவதைக் கேட்க ஒரு ஆள், பத்து மெஷின்கள். இதைவிட வேறு எதையும் நான் இந்த அளவுக்கு ஆசைப்பட்டதில்லை.

என்ன வாங்கச் சொல்வது? மீட்டர் என்னிடம் இருக்கிறது. அது எத்தனை வோல்ட் என்று சொல்லும். ஆனால் ஒரு கம்பியில் சிக்னல் துடிக்கிறதா, செத்துக் கிடக்கிறதா என்று சொல்லாது. அதற்கு லாஜிக் புரோப், பேனா மாதிரி, நுனியைத் தொட்டால் விளக்கு மின்னும். ஸ்கோப் அந்தத் துடிப்பின் படத்தையே காட்டும், ஆனால் நல்ல படம் எது கெட்ட படம் எது என்று பார்க்கிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். டயக்னாஸ்டிக் கார்ட்ரிட்ஜ் என்று ஒன்று இருக்கிறது. பின்னால் சொருகினால் எந்த மெமரி சிப் போய்விட்டது என்று டிவியிலேயே எழுதிக் காட்டும். ஆனால் பிராசஸர் ஓடினால்தான் அது பேசும். ஓடாவிட்டால் வெறும் பிளாஸ்டிக்.

இன்டர்நெட்டில் இதற்கென்றே கூடுகிறவர்கள் இருக்கிறார்கள். மொழிபெயர்ப்பில் போட்டுக் கேட்டேன். ஒருவர் ஸ்கோப் இல்லாமல் மூடியைத் திறக்காதே என்றார். இன்னொருவர் இருபது வருஷமாக மீட்டரை மட்டும் வைத்துக்கொண்டு பிழைக்கிறேன் என்றார். இரண்டு பேரும் மூன்று பக்கத்துக்குச் சண்டை போட்டார்கள். அத்தனையும் படித்தேன்.

கடைசியில் நாலு சாமான் எழுதி அனுப்பினேன். முதலில் பெஞ்ச் பவர் சப்ளை. வோல்ட்டையும் கரண்டையும் நாமே குறைத்து வைக்கலாம், உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் தானாகவே அடங்கிவிடும். பிறகு புரோப், கார்ட்ரிட்ஜ், சின்ன ஸ்கோப் ஒன்று. நோட்டில் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ஒன்று எழுதிக்கொண்டேன்: ‘ஸ்பெக்ட்ரம் பவர் பின்னில் உள்ளே மைனஸ், வெளியே பிளஸ். கடை அடாப்டருக்கு நேர் எதிர்.’

சாமான் எல்லாம் வந்து சேர மூன்று வாரமானது. மெஷினுக்கு முதல் கரண்டைத் தன் முன்னால் வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று வினய் சொல்லியிருந்தான். சனிக்கிழமை மத்தியானம் வருவதாகப் பேச்சு.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. எரியவைத்துக் காட்டாமல் எதையும் கவுண்டரைத் தாண்டிக் கொடுக்க மாட்டோம். பல்பு, அயர்ன் பாக்ஸ், ஃபேன், எதுவானாலும் சரி. கவுண்டரில் ஒரு டெஸ்ட் போர்டு கிடக்கிறது. இரண்டு பல்பு ஹோல்டர், மூன்று பிளக் பாயின்ட், பக்கத்தில் ஆறு, ஒன்பது, பன்னிரண்டு வோல்ட் அடாப்டர்கள் தொங்கும். ஆள் எதிரே நின்றால் இடது கை சொருகும், வலது கை சுவிட்ச் போடும். அண்ணாச்சி எனக்குச் சொல்லித்தந்த முதல் வேலையே அதுதான்.

சனிக்கிழமை காலையிலிருந்தே எனக்குக் கையும் காலும் நிலைகொள்ளவில்லை. பவர் சப்ளையை ஒன்பது வோல்ட்டில் வைத்தேன், அணைத்தேன், திரும்ப வைத்தேன். அதன் வயரில் மெஷினுக்கான பின்னைப் பற்றவைக்க வேண்டியது மட்டும் பாக்கி. அப்போது வினய் வந்துவிட்டான். கவுண்டரில் ஏகப்பட்ட கூட்டம். எல்.இ.டி. பல்பு கேட்டு ஒரு அம்மா, அயர்ன் பாக்ஸோடு ஒரு ஆள், நடுவில் வினய்.

“எவ்விட சேட்டா நம்ம ஆள்?” என்றான்.

மெஷினை மேசையிலிருந்து எடுத்து அவனுக்குக் காட்டத்தான் கவுண்டருக்குக் கொண்டுவந்தேன்.

“காட்டுடே, தம்பி எவ்வளவு நேரமா நிக்கான்” என்றார் அண்ணாச்சி.

அந்த அம்மாவுக்கு ஒரு பல்பைப் போட்டுக் காட்டினேன். எரிந்தது. அடுத்து எதிரே வினய். என் இடது கை தொங்கிக்கொண்டிருந்த ஒன்பது வோல்ட் அடாப்டரை எடுத்து மெஷினில் சொருகியது. வலது கை சுவிட்சைப் போட்டது.

உள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம். பிறகு கருகல் வாடை.

சுவிட்சை அணைத்தேன். அணைத்த பிறகுதான் என் கையைப் பார்த்தேன்.

“எந்தா சேட்டா, ஒரு மணம்?”

“மாத்திக் கொடுத்துட்டேன்.”

“எத?”

“பிளஸ்ஸு மைனஸ்ஸு. உள்ள என்னமோ போயிருச்சு.”

பல்பு வாங்கிய அம்மா தன் பல்பைப் பார்த்துவிட்டு, “இதுக்கு கேரண்டி உண்டுல்லா?” என்றாள். அயர்ன் பாக்ஸ்காரர் சிரித்தார்.

அண்ணாச்சிக்கு என் முகத்தைப் பார்த்துப் புரிந்துவிட்டது. வினய் பக்கம் திரும்பினார். “தம்பி, நாப்பது வருஷத்துப் பழசு. அது எப்பமே போயிருக்கும். இவன் இப்பம் போட்டுப் பாத்ததுனால தெரிஞ்சுது, அவ்வளவுதான்.”

வினய் என்னைப் பார்த்தான். ஆமாம் என்று நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். மெஷின் ஓடுமா என்பது அவனுக்கே தெரியாது. சிவப்பு மையில் எழுதியதை நான் தவிர யாரும் படித்ததில்லை. அந்தப் பத்து மெஷின்களும் அப்போதும் என் பக்கம்தான் இருந்தன.

“இல்ல அண்ணாச்சி” என்றேன். “முன்னமே போயிருந்துதா, நல்லாயிருந்துதான்னு இனி யாருக்கும் தெரியாது. அளந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். இப்பம் போனது என் கையால போனது.”

“இவ்வளவு டூல்ஸ் வாங்கீட்டு...” என்று ஆரம்பித்த வினய் நிறுத்திக்கொண்டான். கோபப்படவில்லை. பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். உள்ளே வந்து மேசையில் இருந்த நாலு சாமான்களையும் அதனதன் பெட்டியில் வைத்தான். நானும் வயர்களைச் சுற்றிக் கொடுத்தேன்.

“மெஷின்?” என்று கேட்டேன்.

“அது இங்க இரிக்கட்டே.”

போய்விட்டான். அண்ணாச்சி அன்று சாயங்காலம்வரை என்னை எதுவும் கிண்டல் செய்யவில்லை. கடை அடைக்கும்போது சாவியை மேசையில் வைத்தார். “நாளைக்கு லீவுதானே. வேணும்னா வந்து நோண்டு.”

ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைப் பாதி ஏற்றிவிட்டு உட்கார்ந்தேன். அஞ்சு திருகைக் கழற்றினேன். என்னிடம் இருந்தது என் மஞ்சள் மீட்டர் மட்டும். கரண்டு கொடுக்காமலே ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு வோல்ட் உண்டாக்குகிற ஒரு டிரான்சிஸ்டரில் வைத்ததும் மீட்டர் கத்தியது. ஷார்ட். அதைப் பிடுங்கித் தனியாக வைத்துப் பார்த்தேன். அப்போதும் கத்தியது. பக்கத்தில் இருந்த காயிலில் குறை இல்லை. எட்டு மெமரி சிப்பில் எத்தனை தப்பியது என்று சொல்ல என்னிடம் வழி இல்லை.

வினய்க்கு எழுதினேன். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. போனது இந்த டிரான்சிஸ்டர். நன்றாக இருப்பது காயில். தெரியாதது எட்டு சிப். எந்தக் காலுக்கும் எந்தக் காலுக்கும் நடுவே எவ்வளவு காட்டியது என்று எண்களையெல்லாம் வரிசையாகப் போட்டேன். ‘இந்த ஒரு பார்ட் இங்கே சாலைக் கடைத்தெருவிலேயே கிடைக்கும், நானே வாங்கிப் போடுகிறேன், ஆனால் உன் பவர் சப்ளை இல்லாமல் கரண்டு கொடுக்க மாட்டேன்’ என்றும் எழுதினேன்.

பதில் இல்லை. பழவங்காடிவரை நடந்தேன். ஒரு டீ வாங்கிப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். திரும்பிக் கிழக்குக்கோட்டை பஸ் ஸ்டாண்டு வழியாக வந்தேன். போனை இரண்டு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தேன்.

மூன்று மணிக்கு ஒரு படம் வந்தது. வேறொரு மெஷினின் பின்பக்கம், பவர் பின் மாட்டுகிற துளை. கீழே, ‘இதில் பிளஸ் உள்ளேயா வெளியேயா?’

பார்த்ததும் தெரிகிற மாதிரிதான் இருந்தது. அந்த மாடலைப் பற்றி நான் படித்தும் இருக்கிறேன். விரல் பதிலை அடிக்கவே போய்விட்டது. அடித்ததை அழித்தேன்.

‘தெரியாது. மீட்டர் வச்சுப் பாக்காம சொல்ல மாட்டேன்’ என்று அனுப்பினேன்.

ரொம்ப நேரம் அவன் டைப் செய்துகொண்டே இருப்பதாகக் காட்டியது. பிறகு வந்தது:

‘அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வாங்க. மாசச் சம்பளம் அப்புறம் நோக்காம். மீட்டர் மட்டும் போதும். அடாப்டர் ஒண்ணும் எடுக்க வேண்டா.’