கிறுக்குப் பத்து

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நான்தான் அதை வாசித்தேன். வேறு யார் தலையிலும் பழியைப் போட வழியில்லை.

தொலைக்காட்சி அலுவலகத்தில் நேயர் கருத்துப் பிரிவில் எனக்கு வேலை. எங்கள் ஏழு மணித் தொடரின் நாயகிக்குள் மூன்று பேர் இருக்கிறார்கள்: வங்கிக்குப் போகிற சாது, கத்தியெடுக்கிற ராட்சசி, ஆறு வயதுக் குழந்தை. தினமும் அறுநூறு செய்தி வரும். அனுப்பியவர் எண் எங்களுக்குத் தெரியாது, எழுத்து மட்டும்தான். 'ராட்சசியை இன்னும் நிறையக் காட்டுங்க.' 'என் மாமியாருக்குள்ள நாலு பேர், நடிக்க அனுப்பட்டுமா?' பாராட்டு ஒரு பக்கம், திட்டு ஒரு பக்கம். மிச்சத்தில் படுகோமாளித்தனமான பத்தைப் பொறுக்கி, வாரக் கடைசியில் குரலை மாற்றி மாற்றி வாசிப்பேன். கிறுக்குப் பத்து என்று அதற்குப் பேர். அதைக் கேட்கவே மேலதிகாரி நேரத்தோடு வந்துவிடுவார்.

என் தங்கைக்கும் அந்த வியாதிதான். டாக்டர் எழுதிக் கொடுத்து மூன்று வருஷமாகிறது. ஆபீஸில் நான் ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. சாயங்காலமானால் அவளுக்குள்ளிருந்து ஒரு சின்னப் பெண் வருவாள். ரிப்பனை நீட்டியபடி என் முன்னால் சம்மணம் போட்டு உட்காருவாள். ரெட்டைப் பின்னல் போட்டு முடித்ததும் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் போய் ஒண்டிக்கொள்வாள். முப்பது வயசு உடம்பு அந்த இடுக்கில் எப்படித்தான் அடங்குமோ, அடங்கும்.

அந்த வாரம் பொறுக்கியதில் ஒன்று: 'குழந்தையை அனுப்பிடாதீங்க. அவளுக்குப் போறதுக்கு வேற வீடு இல்ல. கொஞ்சமாத்தான் சாப்பிடுவா. ஓரமா உக்காந்துக்குவா.' மழலைக் குரலில் வாசித்தேன். அந்தக் குரலை எங்கிருந்து எடுத்தேன் என்று யோசிக்கக்கூட இல்லை. மேலதிகாரி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வசனம் எழுதுபவர், "அப்படியே குடுங்க மேடம், பக்கத்து வீட்டுக்காரனுக்கு வெச்சிடலாம்" என்றார். கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒளிபரப்பானது. அம்மா, தங்கை, நான் மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டுக்காரனாக வரும் காமெடிக்காரர் மூக்கைச் சிந்திக்கொண்டே அந்த வரிகளைச் சொன்னார். பின்னால் 'டொய்ங்' என்று ஒரு சத்தம் போட்டிருந்தார்கள். அம்மா வாய்விட்டுச் சிரித்தாள்.

"அது நான் அனுப்பினதுக்கா," என்றாள் தங்கை. "சின்னவ சொல்லச் சொல்ல டைப் பண்ணினேன். டாக்டர் சரி பண்ணிட்டா தன்னை அனுப்பிடுவாங்கன்னு அவளுக்கு பயம். டிவிக்காரங்க கேப்பாங்கன்னு நெனச்சா."

அம்மா அவசரமாக ரிமோட்டைத் தேடினாள்.

"உங்க ஆபீஸ்ல யாருக்கா அதைச் சிரிக்கறதுக்குக் குடுத்தது?"

"எனக்கென்னடி தெரியும்? எத்தனையோ பேர் வேலை பாக்கற இடம்," என்றேன். வாய் கூசவே இல்லை. பாவி நான்.

மறுநாள் சாயங்காலம் சின்னவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மாதக் கடைசியில் டாக்டர், "நல்ல முன்னேற்றம்மா" என்றார். அம்மா சந்தோஷத்தில் அங்கேயே அழுதுவிட்டாள். நான் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு முதலில் வெளியே வந்துவிட்டேன்.

நேற்று அதற்கு மேல் தாங்கவில்லை. தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்டி குடுத்தேன். குரலை மாத்தி வாசிச்சுக் காட்டினதும் நான்தான்."

அவள் நிமிரவில்லை. "எங்கிட்ட சொல்லி என்னக்கா பண்றது? அவகிட்டல்ல சொல்லணும். நானும் எவ்வளவோ கூப்பிட்டுப் பாத்துட்டேன்."

சீப்பையும் ரிப்பனையும் எடுத்து வந்து அவள் பின்னால் உட்கார்ந்தேன். முடியை இரண்டாக வகிர்ந்தேன். ஊசி போட்டுக்கொள்கிறவள் மாதிரி பொறுமையாக இருந்தாள். ஒரு பக்கம் பின்னி ரிப்பன் கட்டினேன். மறுபக்கம் பாதி வந்தபோது என் கையைப் பிடித்தாள்.

"போதும்க்கா. வலிக்குது."

கட்டியதையும் தானே அவிழ்த்து, ரிப்பனைச் சுருட்டி என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, மடித்த துணிகளோடு உள்ளே போனாள். நான் பீரோப் பக்கம் திரும்பினேன். அந்த இடுக்கில் அம்மா துடைப்பத்தைச் சாத்தி வைத்திருந்தாள்.