கோகிலாவிடம் ஒருவரும் கேட்கவில்லை

சாயம் தோய்த்த பன்னை ஆமினா உம்மா முற்றத்தில் விரித்துக்கொண்டிருந்தபோது வேலிக் கடப்படி வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஆற்றோரத்தில் அறுத்து வந்த அந்தப் புல்லைக் காயவைத்துப் பாய் இழைத்துத்தான் அவளுடைய அடுப்பு எரிந்தது. ஓட்டமாவடியில் அந்த ஒடுங்கிய ஒழுங்கைக்குள் அரசாங்க உத்தியோகத்தர் யாரும் வந்ததில்லை. வந்தவரின் கையிலிருந்த தோல்பையைப் பார்த்ததும் அவள் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு எழுந்தாள்.

வந்தவர் வினாயகமூர்த்தி, மட்டக்களப்பு நகரத்திலிருந்து வந்த நன்னடத்தை உத்தியோகத்தர். அநாதைப் பிள்ளைகளுக்கும் கைவிடப்பட்ட பிள்ளைகளுக்கும் இடம் தேடிக் கொடுப்பது அவர் வேலை. இருபது வருடமாக அந்த வேலையைப் பார்க்கிறார். ஒருவரிடமும் கைநீட்டி ஒரு சதம் வாங்கியதில்லை. ஊரில் நல்ல மனிதர் என்றுதான் பேர். நல்ல மனிதர்களாலும் பிள்ளைகளுக்குக் கேடு வருவதுண்டு என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

அவர் வந்தது கோகிலாவைப் பற்றிப் பேச. கோகிலாவுக்கு அப்போது பதினாலு வயது. தொண்ணூறாம் ஆண்டில், அறுவடைக்கு வந்து வயல் வட்டைக்குள் குடிசை போட்டிருந்த ஒரு தமிழ்க் குடும்பத்தில் தாயும் தகப்பனும் ஒரே நாளில் சுடப்பட்டார்கள். சுட்டது யார் என்பதற்கு ஊரில் இரண்டு மூன்று கதைகள் இருந்தன. பன் அறுக்கப் போன ஆமினா உம்மாதான் குடிசைக்குள் அழுதுகொண்டிருந்த குழந்தையைத் தூக்கி வந்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. புருஷன் உசனார் அதற்கு முந்திய வருடமே காய்ச்சலில் மவுத்தாகியிருந்தான். பள்ளிவாசலிலும் பொலிஸிலும் சொல்லி வைத்தாள். குழந்தையைத் தேடி ஒருவரும் வரவில்லை.

பிள்ளையின் பேரை அவள் மாற்றவில்லை. வாழைச்சேனையில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். வெள்ளிக்கிழமைகளில் பக்கத்துத் தெருத் தமிழ் டீச்சரோடு கோயிலுக்கு அனுப்பினாள். பொட்டுக்கூட அவளே வாங்கிக் கொடுப்பாள். இதற்காகச் சொந்தக்காரர்கள் சிலர் அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தார்கள்.

இத்தனைக்கும் பிறகு, இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டில் சமாதானம் வந்து பாதைகள் திறந்ததும், கோகிலாவின் தாய்மாமன் இளையதம்பி உத்தியோகத்தரின் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டான். வவுணதீவுக்கு அப்பால் அவனுக்கு வயல் இருந்தது, கல்வீடு இருந்தது. மனைவியும் கோகிலாவின் வயதில் ஒரு மகளும் இருந்தார்கள். அக்காவின் பிள்ளையைத் தான் பொறுப்பெடுக்க வேண்டும் என்று கண் கலங்கினான். யுத்தத்தால்தான் இவ்வளவு காலமும் வர முடியவில்லை என்றான். அதே வருடம் ஆனி மாதம் வாழைச்சேனைப் பக்கத்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் கலவரம் மூண்டு கடைகள் எரிந்திருந்தன. நமது பிள்ளை அங்கே இருக்கலாமா என்று நகரத்துப் பெரியவர்கள் சிலரும் வினாயகமூர்த்தியை நெருக்கினார்கள். இரத்த உறவு இருக்கும்போது பிள்ளை வேறிடத்தில் இருக்கக்கூடாது என்று விதியும் சொன்னது. அவருக்கு எல்லாம் நேராகத் தெரிந்தது.

ஆமினா உம்மா அவர் சொன்னதையெல்லாம் நின்றபடியே கேட்டாள். அழவில்லை.

“நான் பெத்த புள்ள இல்ல சேர். மாமன்காரன் வந்து கேட்டா நான் என்ன சொல்ற?” என்றாள். பிறகு, “அந்த ஊட்டப் போய்ப் பாத்தீங்களா?” என்று கேட்டாள்.

“பாக்கத்தான் போறன் உம்மா” என்றார் அவர்.

கோகிலா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கதவோரத்தில் புத்தகப் பையோடு நின்றாள். நெற்றியில் பொட்டு இருந்தது. வினாயகமூர்த்தி அவளைப் பார்த்துச் சிரித்து, எத்தனையாம் வகுப்பு என்று விசாரித்தார். வேறொன்றும் கேட்கவில்லை. பிள்ளை எதற்கு வீணாகக் குழம்ப வேண்டும் என்று நினைத்தார்.

வீட்டைப் பார்க்க அவர் புறப்பட்டது உண்மைதான். வலையிறவுப் பாலம்வரை போனார். பாலத்துக்கு இந்தப் பக்கம் இராணுவம், அந்தப் பக்கம் ஆயுதம் ஏந்திய இயக்கம். சோதனைக்கு நின்ற வரிசை வெயிலில் அசையாமல் கிடந்தது. அந்தப் பக்கம் போன அரசாங்க உத்தியோகத்தர்களிடம் மோட்டார் சைக்கிளைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்களாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வாவியின் அக்கரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பிவிட்டார். இளையதம்பியைக் கூப்பிட்டு வீட்டைப் பற்றி விசாரித்து, அவன் சொன்னதையே தான் கண்டதுபோல அறிக்கையாக எழுதினார். நீதிமன்றம் அவரை நம்பியது.

பிள்ளையை ஒப்படைத்த அன்று ஆமினா உம்மா நீதிமன்ற வாசலில் கோகிலாவின் தலையை வாரிப் பின்னிவிட்டாள். பெருநாளைக்கென்று தைத்து வைத்திருந்த சட்டையைப் பையில் மடித்து வைத்தாள். கோகிலா அவளுடைய கையைப் பிடித்தபடியே இருந்தாள். அந்தக் கையை விடுவித்தது வினாயகமூர்த்திதான். மெதுவாகத்தான் விடுவித்தார்.

மாரி தொடங்கிய நேரம் ஒருநாள் ஆமினா உம்மா அவருடைய அலுவலகத்துக்கு வந்தாள். சேலையின் கீழ்ப்பக்கம் முழங்கால்வரை சேறு. அவள் பஸ்ஸில் வந்து, பாலத்தைக் கடந்து, உழவு மெஷினில் ஏறியும் நடந்தும் இளையதம்பியின் வீட்டுக்கே போய்விட்டு வந்திருந்தாள். அங்கே அவனுடைய மகள் இருந்தாள். கோகிலா இல்லை. எங்கே என்று கேட்டதற்கு வீட்டுக்காரி புஸ்பம் பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

“அவங்க ஊட்டுப் புள்ள நம்மட புள்ளைக்கு நான் தைச்ச சட்டையப் போட்டுக்கிட்டு நிக்கிது சேர்” என்றாள் ஆமினா உம்மா. “என்ட புள்ளைய எங்க கொண்டுபோய் உட்டிருக்காங்க எண்டு கேட்டுச் சொல்லுங்க.”

இந்த முறை வினாயகமூர்த்தி பாலத்தைக் கடந்தார். வரிசையில் நின்றார், சோதித்தார்கள், போகவிட்டார்கள். மோட்டார் சைக்கிளை ஒருவரும் கேட்கவில்லை.

இளையதம்பி வீட்டு வாசலில் நெல் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தான். உத்தியோகத்தரைக் கண்டதும் எழுந்தான், பிறகு மறுபடி உட்கார்ந்தான். அவன் எதையும் மறைக்கவில்லை. மறைத்து வைத்துக் களைத்துப் போயிருந்தான்.

சமாதானம் என்று வானொலி சொன்னாலும் அந்தப் பக்கத்தில் இயக்கம் தன் படைக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்பது நிற்கவில்லை. இரண்டு தரம் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். மூன்றாம் தரம் சொல்ல மாட்டோம் என்றும் சொல்லியிருந்தார்கள். அவனுடைய அண்டை வீட்டில் பிள்ளையை ஒளித்து வைத்த தகப்பனைக் கொண்டுபோய் அடித்து அனுப்பினார்கள். அப்போதுதான் அவனுக்கு அக்காவின் பிள்ளை ஞாபகம் வந்தது. கோகிலா வந்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறோம் என்று சொல்லித்தான் கூட்டிப் போய் இயக்கத்திடம் கொடுத்தான்.

“எனக்கு இருக்கிறது ஒரே ஒரு பொம்புளப் புள்ள ஐயா” என்றான். “நான் கொலகாரனில்ல. ரெண்டில ஒண்டு போகத்தான் வேணுமெண்டா எதக் குடுப்பீங்க, நீங்களே சொல்லுங்க.”

வினாயகமூர்த்தி தன்னுடைய மகனைக் கொழும்பில் மச்சான் வீட்டுக்கு அனுப்பி இரண்டு வருடமாகியிருந்தது. வசதியுள்ளவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள்.

உள்ளேயிருந்து புஸ்பம் மெல்லிய குரலில் பேசினாள். “அந்தப் புள்ள எங்களோட இருந்த நாளில பன்னுப் பாய் இழைக்கக் காட்டித் தந்தது. என்ட மகள் இப்ப சோறு தின்னுதில்ல ஐயா. தனக்குப் பதிலாத்தான் அவ போனவ எண்டு அதுக்குத் தெரிஞ்சிபோச்சி.”

அதன் பிறகு வினாயகமூர்த்தி எத்தனையோ வாசற்படி ஏறினார். ஆமினா உம்மாவையும் கூட்டிக்கொண்டு இயக்கத்தின் அலுவலகத்துக்குப் போனார். அப்படி ஒரு பெயரில் யாரும் இல்லை என்றார்கள். வெளிநாட்டு நிறுவனங்களிடம் முறையிட்டார். அவர்கள் விவரம் எழுதிக்கொண்டார்கள். தன்னுடைய அறிக்கை பொய் என்று மேலிடத்துக்கு அவரே எழுதியனுப்பினார். எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். தண்டனை இவ்வளவுதானா என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆமினா உம்மா பாய் விற்கும் காசில் மாதம் ஒரு தரம் பாலத்தைக் கடந்து, இயக்கத்தின் முகாம் இருப்பதாகச் சொல்லப்பட்ட காட்டோரத்தில் போய் நிற்பாள். அவளைப்போல வேறு தாய்மாரும் நிற்பார்கள். அவர்களுக்குள் தமிழ்த்தாய், முஸ்லிம் தாய் என்ற பேச்சு இருக்கவில்லை.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு பங்குனியில் இயக்கம் இரண்டாகப் பிளந்தது. சித்திரையில் தங்களுக்குள்ளேயே சுட்டுக்கொண்டார்கள். பிறகு ஒருநாள் பிள்ளைகளை வீட்டுக்குப் போங்கள் என்று விட்டுவிட்டார்கள். தலைமயிர் கத்தரித்த பிள்ளைகள் வெறுங்காலோடு வீதி வீதியாக நடந்து வந்தார்கள்.

கோகிலா இளையதம்பியின் வீட்டுக்குப் போகவில்லை. ஓட்டமாவடிக்குத்தான் வந்தாள். இடது கையில் மூன்று விரல்கள் இல்லை. ஆமினா உம்மா சத்தம் போடாமல் அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கோகிலா சாப்பிட்டாள், படுத்தாள். யாராவது கதவைத் தட்டினால் எழுந்து பின்பக்க வேலிக்கு ஓடினாள். அவளால் அழ முடியவில்லை.

அவள் பயந்தது வீண் பயமல்ல. சில நாட்களிலேயே, வீடு திரும்பிய பிள்ளைகளை மறுபடி தேடி மோட்டார் சைக்கிள்கள் சுற்றத் தொடங்கின. ஒரு தரப்பா, இரு தரப்பா என்றுகூட யாருக்கும் தெரியவில்லை. வாழைச்சேனையில் இரண்டு பிள்ளைகளைப் பிடித்துப் போனார்கள் என்று செய்தி வந்த அன்று, வினாயகமூர்த்தி பஸ்ஸில் வந்து இறங்கி அந்த ஒழுங்கைக்குள் நடந்து வந்தார்.

ஆமினா உம்மாவை வெளியில் இருக்கச் சொல்லிவிட்டு, கோகிலாவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

“புள்ள, உனக்கு எங்க இருக்க விருப்பம்?”

கோகிலா அவரை நிமிர்ந்து பார்த்தாள். இவ்வளவு காலத்தில் அவரை அவள் நேராகப் பார்த்தது அதுதான் முதல் தரம்.

“உம்மாவோட” என்றாள். பிறகு கோபமில்லாத குரலில், “அண்டைக்குக் கேட்டிருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்பன் சேர்” என்றாள்.

வினாயகமூர்த்தி தலை குனிந்தார். அந்த ஒரு விருப்பத்தை இப்போது அவரால் நிறைவேற்ற முடியாது. அந்த வீட்டில் இருந்தால் ஒரு கிழமைக்குள் பிடித்துப் போய்விடுவார்கள். மலைநாட்டில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு விடுதியில் பேசி வைத்திருந்தார். ஆமினா உம்மா அங்கே போய்த் தங்க முடியாது. எப்போது திரும்பலாம் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் இந்தத் தரம் எதையும் ஒளிக்காமல் எல்லாவற்றையும் பிள்ளையிடமே சொன்னார். விடுதியைத் தான் நேரில் போய்ப் பார்த்ததையும், அறையில் எத்தனை பேர், சாப்பாடு எப்படி என்பதையும் சொன்னார். அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். கடைசியில் அவளே போகிறேன் என்றாள்.

மறுநாள் விடுதியிலிருந்து வந்த சிஸ்டர் ஒருவர் கோகிலாவைப் பஸ்ஸில் கூட்டிப்போனார். பஸ் போன பிறகும் ஆமினா உம்மா வீதியிலேயே நின்றாள். வினாயகமூர்த்தி பக்கத்தில் வந்து, தன்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்டார்.

“மன்னிப்பு அல்லாக்கிட்டக் கேளுங்க சேர், அந்தப் புள்ளக்கிட்டக் கேளுங்க” என்றாள் அவள். “புள்ள ஆருடது எண்டு ஊரெல்லாம் விசாரிச்சீங்க. புள்ளக்கிட்ட ஒரு வார்த்த கேக்கல்ல. மாமன்ட ரத்தத்தப் பாத்தீங்க, அவன் ஏன் இப்ப வந்து கேக்கிறான் எண்டு பாக்கல்ல. இனி வாற புள்ளைக்காவது அப்படிச் செய்யாதீங்க.”

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்துக்கொண்டு ஒழுங்கைக்குள் நடந்தாள்.

வினாயகமூர்த்தி ஓய்வு பெறும்வரை அந்த வேலையில்தான் இருந்தார். தான் காலெடுத்து வைக்காத வீட்டுக்கு ஒரு பிள்ளையையும் அனுப்பவில்லை. தனியே உட்காரவைத்துப் பேசாத பிள்ளைக்காக ஓர் அறிக்கையிலும் கையெழுத்து வைக்கவில்லை. வேலை சுணங்குகிறது என்று மேலிடம் கடிந்துகொண்டபோதெல்லாம், “பிள்ளை என்பது கைமாற்றிக் கொடுக்கிற சாமான் இல்ல, அதுக்கும் வாய் இருக்கு” என்று மட்டும் சொல்வார். கோகிலாவின் பெயரை அவர் யாரிடமும் சொன்னதில்லை.