வாயைப் பார்க்காத கைப்பட்டை

ஒரு சங்கதி பாதி தெரிந்து பாதி தெரியாமல் கிடந்தால் அஸ்மத்துக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவள் வீட்டுக்குத்தான் மகள் தமன்னா, தன் கம்பெனியில் புதிதாகச் செய்துகொண்டிருந்த கைப்பட்டையைக் கொண்டுவந்து வாப்பாவின் வலக்கையில் மாட்டினாள். பார்க்கக் கடிகாரம் மாதிரி இருக்கும். கை தட்டுக்கும் வாய்க்கும் போய்வருவதை வைத்து, எப்போது, எத்தனை வாய் சாப்பிட்டார் என்று அஸ்மத்தின் போனுக்குத் தானாகவே சொல்லிவிடும்.

அஸ்மத்தின் கணவர் முகம்மது யூசுப்புக்குச் சர்க்கரை நோய், கூடவே ரத்தக்கொதிப்பு. ஜாலான் புசார் தெருவில் கடை வைத்து ஆணியும் தாழ்ப்பாளும் விற்கிறவர். பொய் சொல்லத் தெரியாது, மழுப்பத் தெரியும். பட்டை மாட்டியதே அதற்காகத்தான்.

பட்டையின் சாட்சிப்படி மனிதர் படு யோக்கியர். அவள் அளந்து கட்டிக்கொடுத்த மதியச் சோறு முழுதும் உள்ளே போகிறது, வெளியில் ஒரு வடைகூட இல்லை. ஆனால் அந்த மாதத்தில் இரண்டு தடவை கடையிலேயே மயங்கி விழுந்தார். சர்க்கரை தாழ்ந்துவிட்டது என்றார் டாக்டர். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால்தான் இப்படி ஆகும், இவர் நன்றாகத்தானே சாப்பிடுகிறார் என்று அவரும் குழம்பினார். மூன்றாம் தடவை விழுந்தால் என்ன ஆகுமோ என்று அஸ்மத்துக்குப் பயம். பயத்தோடு கூடவே, இது எப்படி என்கிற குடைச்சலும்.

ஞாயிற்றுக்கிழமை அவர் குளிக்கப் போனதும் பட்டையை எடுத்துத் தன் கையில் கட்டிக்கொண்டாள். மூக்கைச் சொறிந்தாள். பட்டை ஏமாறவில்லை. தலை வாரினாள். அதற்கும் மசியவில்லை. பால் சேர்க்காத தேநீர், தே ஓ, குடித்தாள். பானம் என்று சரியாகக் குறித்தது. கெட்டிக்காரப் பட்டைதான் என்று நினைத்தபடி, கம்ப்யூட்டரை விட்டு எழாமல் இருந்த மகளுக்குச் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் ஊட்டினாள். போனில் ஒரு வாய் ஏறியது.

"நீங்க சாப்பிட்டதா போட்டிருச்சு உம்மா. அது கையைத்தான் பாக்கும், யாரு வாய்னு தெரியாது. அதை இன்னும் ஃபிக்ஸ் பண்ணல, லா."

அஸ்மத் அடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டாள். "அப்ப இந்த மனுஷன் யாருக்கு ஊட்டுறாரு?"

மறுநாள் மதியம் கடைக்கு எதிரே நின்றாள். யூசுப் சாப்பாட்டுப் பையோடு வெளியே வந்து, பின்னாலிருந்த அடுக்குமாடிக்குள் நுழைந்தார். அறுபது வயதில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாரா என்று பல்லைக் கடித்துக்கொண்டு பின்னாலேயே ஏறினாள். நான்காம் மாடியில் ஒரு கதவு திறந்து கிடந்தது.

உள்ளே சக்கர நாற்காலியில் ஷேக் தாவூத். அவளுடைய சொந்தக் காக்கா, கூடப்பிறந்த அண்ணன். உம்மா மவுத்தானபோது, இந்தியாவிலிருந்து பறந்து வந்துகொண்டிருந்த தங்கைக்காகக் காத்திராமல் அடக்கம் செய்துவிட்டவர். இனி என் கைச்சோறு உனக்கு இல்லை என்று அன்றைக்கு அவள் சொன்னாள். பக்கவாதம் வந்து கைகள் விழுந்துவிட்டன என்று கேள்விப்பட்டும் போகவில்லை. அவர் வாயருகே இப்போது யூசுப்பின் கை நின்றது.

யூசுப் எழுந்தார். "மச்சானோட மகன் வேலைக்குப் போயிடுறான். உன் சமையல்னாத்தான் மச்சானுக்கு இறங்குது. கூடக் கொஞ்சம் சோறு வைன்னு சொன்னா ஏன்னு கேப்ப."

"வெளியயாவது ஏதாச்சும் சாப்பிட்டிருக்கலாம்ல?"

அவர் பட்டையைக் காட்டினார். "சாப்பிட்டா இது உங்கிட்ட சொல்லிடும்."

அஸ்மத்துக்கு வெட்கமாக இருந்தது. தான் சொன்ன ஒரு சொல் காக்காவை விட்டுவிட்டு இவரையல்லவா பட்டினி போட்டிருக்கிறது.

"கீழ சாப்பாட்டுக் கடையில போய் மொதல்ல சாப்பிடுங்க. போங்க."

அவர் போனதும் கையைக் கழுவிக்கொண்டு வந்து, சோற்றை உருட்டி நீட்டினாள். தாவூத் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் கையை இறக்கவில்லை.

"கை வலிக்குது காக்கா."

முகம் திரும்பியது, வாய் திறந்தது. மென்றார். விழுங்கினார். குழறிய நாக்கால் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்: "உப்பே இல்ல."

"அது அவருக்கு ஆக்குனது," என்றாள் அஸ்மத். "நாளைக்கு உங்களுக்குன்னு ஆக்கிக் கொண்டாறேன்."