சுஃபியான் சும்மா கொடுத்த பாட்டு

சிட்லபாக்கம் ஏரியைச் சுத்தம் செய்ய ஞாயிறுதோறும் ஒரு கூட்டம் கூடிக்கொண்டிருந்தது. 2008இல் அவர்களுக்காக சுஃபியான் ஒரு பாட்டுப் போட்டான். டிவி சீரியல்களுக்குப் பின்னணி இசை அமைத்துப் பிழைப்பவன் அவன். வில்லி படியிறங்கும்போதெல்லாம் ஒரே 'டொய்ங்'. ஏரிப் பாட்டைத்தான் மனசாரச் செய்தான். இணையத்தில் ஏற்றி, "யார் வேண்டுமானாலும் பாடலாம், பரப்பலாம், காசு வேண்டாம்" என்றும் எழுதி வைத்தான்.

மூன்றாவது ஞாயிறு, ஒலிபெருக்கியில் அது ஒலித்துக்கொண்டிருந்தபோது தனசிங் வந்து சேர்ந்தார். இசையமைப்பாளர்களுக்காக ராயல்டி வசூலிக்கும் சங்கத்தின் ஆள். லைசென்ஸ் இல்லாமல் பாட்டுப் போட்டதற்கு இரண்டாயிரம் கட்டச் சொல்லி நோட்டீஸை நீட்டினார்.

ஏரிக் குழுத் தலைவர் ஜெபகுமார் சுஃபியானை முறைத்தார். "ஃப்ரீன்னு சொல்லிட்டு, பின்னாடியே வசூலுக்கு ஆள் அனுப்புறியா?"

"சத்தியமா நான் அனுப்பல சார்!" சுஃபியான் தனசிங்கிடம் திரும்பினான். "என் பாட்டு. நான்தான் சும்மா குடுத்தேன்."

"குடுக்க உங்களுக்கு உரிமை இல்லையே சார்," என்றார் தனசிங் கனிவாக. "மெம்பர் ஆனப்பவே, இனிமே போடப்போற பாட்டையும் சேர்த்துச் சங்கத்துக்கு எழுதிக் குடுத்துட்டீங்க. உங்க நன்மைக்குத்தான் வசூலே."

மானம் போகக்கூடாதென்று சுஃபியானே பணத்தைக் கட்டினான். கமிஷன் போக மிச்சம் அடுத்த வருஷம் அவனுக்கே வருமாம்.

விஷயத்தைக் கேட்டு அவன் மனைவி மெஹர் பானு விழுந்து விழுந்து சிரித்தாள். "சங்கத்தை விட்டு வெளிய வந்துடுங்களேன்."

"வந்தா சீரியலுக்கு வர்ற ராயல்டி போயிடும். வாடகையை யாரு குடுப்பா? ஒரு பாட்டை மட்டும் எடுக்கவும் விடமாட்டாங்க."

"நான் எங்கயும் கையெழுத்துப் போடலையே," என்றாள் மனைவி.

அந்த வாரம் முழுக்கச் சமைத்தபடியே ஒரு மெட்டை முணுமுணுத்தாள். திருத்த வந்த புருஷனை, "கை வைக்காதீங்க, அப்புறம் இதுவும் அவங்களுக்குப் போயிடும்" என்று விரட்டினாள். மெட்டு அவனுடையதைவிட நன்றாக இருந்தது. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தால்ச்சா வைத்த அன்று மட்டும் சாப்பிட்டான்.

ஞாயிறன்று சுஃபியான் கீபோர்டு வாசிக்க அவள் பாட, கரையே கூடப் பாடியது. தனசிங் ஓடி வந்தார். "யார் மெட்டும்மா இது?"

"என்னோடது. யார் வேணா பாடலாம்."

அவர் உடனே உறுப்பினர் படிவத்தை நீட்டினார். மெஹர் பானு நின்றபடியே கால் மணி நேரம் படித்தாள். "இனிமே போடப்போற பாட்டுன்னு இருக்கிற வரியை அடிச்சிட்டுக் கையெழுத்துப் போடறேன்."

"அதை அடிக்க முடியாதும்மா."

"அப்ப நீங்களே வெச்சுக்கங்க."

தனசிங் படிவத்தை மடித்துக்கொண்டு போனார். சுஃபியானுக்குப் பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. "அக்கா, இன்னொரு தடவை!" என்று கூட்டம் கத்தியது.

மெஹர் பானு கீபோர்டு பக்கம் திரும்பினாள். "சுருதியைக் கொஞ்சம் இறக்குங்க. தொண்டை கிழியுது."

சுஃபியான் ஒரு கட்டை இறக்கி வாசிக்கத் தொடங்கினான்.