முதல் பாடம் கவிழ்வது

படகுச் சங்கத் தலைவர் மைக்கை விடுவதாயில்லை. இன்று பெண்கள் யாரும் சேராவிட்டால் மகளிர் படகுகள் ஆண்கள் அணிக்குப் போய்விடும். துடுப்புப் படகு வீராங்கனை மேடையிலிருந்து இறங்கி நேரே ஏரிக்குப் போனாள்.

கூட்டத்திலிருந்து பின்னாலேயே வந்த ஒரு தையற்காரி கேட்டாள்: "கவிழ்ந்தா என்னம்மா ஆகும்?"

"அதுதான்க்கா முதல் பாடம்!" வீராங்கனை படகில் ஏறி, வேண்டுமென்றே அதைக் கவிழ்த்துவிட்டு, மூக்கைச் சிந்தியபடி சிரித்துக்கொண்டே எழுந்தாள்.

"அட, இவ்வளவுதானா? எங்க வீட்டுக்காரர் குளிக்கிறப்ப இதைவிட அமர்க்களம் பண்ணுவாரே!" தையற்காரி மிதவைச் சட்டையை மாட்டினாள்.

"அண்ணி, நானும் வரேன்!" என்று அவளுடைய நாத்தனார் ஓடிவந்தாள். அப்புறம் பெண்கள் கூட்டமே திரண்டு வந்தது. படகுகள் போதவில்லை.

"பெண்ணினமே, பொங்கி எழு!" என்று மேடையில் தலைவர் உரையை முடித்தபோது, எழுவதற்கு அங்கே ஒருத்தியும் உட்கார்ந்திருக்கவில்லை.